ஏதாவது சொருகியிருக்கா?

“சட்டையிலேர்ந்து கையை எடுங்க மச்சான்!”

“எடுக்கிறேன் மாப்ளே. முதல்ல என் தங்கச்சி கழுத்துல இருக்கிறது என்னன்னு சொல்லு.”

“அலர்ஜி! பாசிமணி மாலை ஒத்துக்கலை. எத்தனை வாட்டி சொல்றது?”

“மாலை ஒத்துக்கலைன்னா கழுத்தைச் சுத்தி வரணும். இது என்ன, முன்பக்கம் மட்டும் ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி?”

இந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் கண்ணாடி டீப்பாய் போய்ச் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் முழங்கால்தான் அதை உடைத்தது. ஆனால் அந்த முழங்காலை அங்கே கொண்டுபோய்ப் போட்டவன் மச்சான். அவன் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் லோடுமேன். மர பீரோவை ஒற்றை ஆளாக மூன்று மாடி ஏற்றுகிறவனுக்கு, டைல்ஸ் கடை சேல்ஸ்மேன் ஒருவனைச் சுவரோடு தூக்கிப் பிடிக்க ஒரு கை போதும். இன்னொரு கை சும்மா இருப்பானேன் என்று கன்னத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

தரைத்தளத்தில் டைலர் மெஷினை நிறுத்திவிட்டார். மேலே இரண்டாம் மாடியில் சண்டை என்றால் அவருக்கு உடனே ஊசியில் நூல் அறுந்துவிடும். கோர்ப்பார், கோர்ப்பார், சண்டை முடிகிறவரை கோர்த்துக்கொண்டே இருப்பார். அந்தக் கட்டிடத்துச் சுவர்கள் அப்படி. முதல் மாடியில் தும்மினால் மூன்றாம் மாடியில் நூறாயுசு சொல்லலாம்.

அப்படியிருக்க, மூன்றாம் மாடிக்காரிக்குக் கேட்காமலிருக்குமா? படிகளில் தடதடவென்று செருப்புச் சத்தம் இறங்கியது. கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தாள், மாப்பிள்ளையின் அக்கா. நுழைந்தவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேரே போய் லோடுமேனின் முழங்கைக்குக் கீழே பல்லைப் பதித்தாள்.

“ஆ! என்னம்மா நீ, நாயா?”

“ஆமாடா. என் தம்பி மேல கை வெச்சவனைக் கடிக்கிற நாய். விடுறியா, இல்ல மறு கையையும் குடுக்கிறியா?”

விட்டான். விட்ட வேகத்தில் தம்பி கண்ணாடித் தூள் மேலேயே உட்கார்ந்தான்.

அவளைக் கட்டிடம் முழுக்க ஹெல்ப்லைன் என்றுதான் சொல்வார்கள். லேப்டாப் ரிப்பேர் ஆனால் ஜனங்கள் கூப்பிடுகிற நம்பரில் பேசுகிற வேலை. “சார், பதட்டப்படாதீங்க, நான் உங்ககூடவே லைன்ல இருக்கேன்” என்று ஆபீசில் தேனாகச் சொட்டுவாள். பொறுமையையெல்லாம் பகலில் கம்பெனிக்கே விற்றுவிடுவதால் வீட்டுக்கு மிச்சம் வராது. அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அவனுக்காகத் தனக்கென்று ஒரு கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை என்பது அவள் சொல்வது. அந்த வாய்க்குப் பயந்து எவனும் வரவில்லை என்பது டைலர் சொல்வது. எது எப்படியோ, தம்பி மேல் ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த ஈயின் பரம்பரையையே கூப்பிட்டு விசாரிக்கிறவள். பாசிமணி அலர்ஜி என்கிற சங்கதியைக்கூட, கேட்காதவர்களுக்கும் சேர்த்து, மாடி மாடியாகச் சொல்லி வைத்தவள் அவளேதான்.

“என்னடா கலாட்டா?” என்று இப்போதுதான் கேட்டாள்.

பதில் சமையலறை வாசலிலிருந்து வந்தது. அங்கே தரையில் தம்பி பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் லேப்டாப்போடு. அண்ணனும் புருஷனும் உருண்டதையோ கண்ணாடி உடைந்ததையோ அவள் பார்த்ததாகவே தெரியவில்லை.

“சவுண்டு வரலை அண்ணி. ஆறு மணிக்குள்ள அனுப்பணும்.”

வீட்டிலிருந்தபடி, ஒலிப்பதிவைக் காதில் கேட்டுக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. அதனால் டைப்பிஸ்ட். வேறொரு ஊரில் ஒரு கம்பெனி, தங்க ரூமும் கொடுத்து நிரந்தர வேலை தருகிறோம், இந்த ஒரு பதிவைப் பிழையில்லாமல் அடித்து அனுப்பு பார்ப்போம் என்று சோதனை வைத்திருந்தது. இன்று சாயங்காலம் ஆறுதான் கெடு. முக்கால்வாசி முடித்துவிட்டாள். மீதி கால்வாசியை அடிக்க வேண்டுமென்றால் காதில் விழ வேண்டும். விழவில்லை. தெரிந்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்று அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள். அவன் முதலில் தானே லேப்டாப்பைப் பார்க்கலாமென்று வந்தான், கழுத்தைப் பார்த்தான். மற்றதெல்லாம் டீப்பாய்க்குத் தெரியும்.

“இவன்தான் உடைச்சிருக்கான்,” என்றான் லோடுமேன், கடிவாயில் எச்சில் தடவிக்கொண்டே. “அவ வேலைக்குப் போயிடுவான்னு திட்டம் போட்டு உடைச்சிருக்கான்.”

“நான் அதைத் தொட்டதே இல்லைக்கா,” என்றான் தம்பி. குரலில் டைல்ஸ் வழவழப்பு. “ஏதோ ஆபீஸ் காலி பண்றப்ப வேண்டாம்னு தள்ளினதை மச்சான் தூக்கிட்டு வந்து சீர் குடுத்தாரு. கிழட்டு லேப்டாப். தானா செத்திருக்கும். இதுக்கு நான் கொலைகாரனா?”

ஹெல்ப்லைனுக்கு அது போதும். இடுப்பில் கை வைத்தாள்.

“இந்தாய்யா, நல்லாக் கேட்டுக்க. ஒரு நாளைக்கு நான் எத்தனை லேப்டாப்புக்கு உயிர் குடுக்கிறேன் தெரியுமா? இதையும் பேச வைக்கிறேன். என் தம்பி கை படாம தானா போனதுன்னு எல்லார் முன்னாடியும் காட்டறேன். காட்டிட்டா, நீ அவன் காலைத் தொட்டு மன்னிப்புக் கேக்கணும். டைலரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக் கேக்க வைப்பேன்.”

“அவன் கை பட்டிருந்துச்சுன்னா?”

“பட்டிருந்துச்சுன்னா நானே அந்தக் கையை உடைக்கிறேன். போதுமா?”

கீழே டைலர் நூல் கோர்ப்பதையும் நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

லேப்டாப்பைப் பிடுங்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். மேஜையின் ஒரு பாதியில் தம்பியின் மாதிரி டைல்ஸ்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு கை அகலம், விரல் கனம். வாடிக்கையாளர் முன்னால் அதைத் தரையில் போட்டுச் சுத்தியலால் அடித்துக் காட்டுவான். “மேடம், உங்க பேரன் கல்யாணத்துலகூட இது இப்படியே இருக்கும்.” அந்த வித்தையை வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் இலவசமாகக் காட்டுவான்.

“பாஸ்வேர்டு சொல்லுடி.”

டைப்பிஸ்ட் சொல்லச் சற்றுத் தாமதமானது. தலையில் நங்கென்று ஒரு குட்டு விழுந்தது.

“கை நீட்டாதம்மா!” என்று லோடுமேன் ஓரடி முன்னால் வந்தான்.

“நான் அவளுக்கு அண்ணி. குட்டுவேன், கொஞ்சுவேன். நீ கதவுகிட்ட நில்லு.”

தம்பி சிரித்தான். உதடு கிழிந்திருந்ததால் சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. இந்த வீட்டில் குட்டு என்பது கையெழுத்து மாதிரி, எல்லோரும் போட்டுப் பழகியது. வாங்கிப் பழகியவள் ஒருத்திதான். அவள் பாஸ்வேர்டைச் சொன்னாள்.

வேலை ஆரம்பித்தது. முதலில் அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். உலகத்து லேப்டாப்புகளில் பாதி இந்த ஒரு மருந்துக்கே எழுந்து உட்காரும். இது உட்காரவில்லை. ஒலி அளவைக் கடைசிவரை ஏற்றினாள். எங்காவது யாராவது மியூட் என்கிற வாயடைப்புப் போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு பட்டனாகத் தடவினாள். போடவில்லை. ஒலியை ஓட்டுகிற மென்பொருளைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி ஏற்றினாள். கோடு மெதுவாக நகர்ந்து நிரம்புகிறவரை எல்லோரும் பிரசவ வார்டு வாசல் மாதிரி நின்றார்கள். நிரம்பியது. பதிவை ஓட்டினாள். திரையில் ஒலி அலைகள் குதித்தன, கூத்தாடின. காதில் பொட்டு இல்லை.

“ஊமை நாடகம் நல்லாருக்கு,” என்றான் லோடுமேன். “அம்மா, நேரம் ஓடுது.”

“அக்கா, விட்டுடு,” என்றான் தம்பி. “நாளைக்கே புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடறேன் இவளுக்கு.”

ஹெல்ப்லைனின் விரல் நின்றது. தம்பி புதிதாக ஏதாவது வாங்கித் தருகிறேன் என்று அவள் காதால் கேட்டது அதுவே முதல் தடவை. அவன் செருப்பு அறுந்தால் பின் குத்தி ஒரு மழைக்காலத்தை ஓட்டுகிறவன்.

“எதுக்குடா புதுசு? இதுவே பேசும்.”

திரையின் மூலையில், ஒலி எங்கே போய்ச் சேர்கிறது என்று காட்டுகிற இடத்தைத் தட்டினாள். அங்கே ஸ்பீக்கர் படம் இருக்க வேண்டும். இருந்தது ஹெட்போன் படம்.

அவள் புருவம் சுருங்கியது. பக்கவாட்டில் ஹெட்போன் சொருகும் ஓட்டையைப் பார்த்தாள். ஒயர் ஒன்றும் இல்லை, ஓட்டை வெறுமனே இருந்தது. ஆனால் லேப்டாப் மட்டும், இல்லவே இல்லாத ஹெட்போனுக்குள் மொத்தச் சத்தத்தையும் ஊற்றிக்கொண்டிருக்கிறது.

அவளுடைய கம்பெனியில் சத்தம் வராத கேஸ் வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. ‘ஏதாவது சொருகியிருக்கா?’ கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போனால் மேலாளர் கூப்பிட்டு வறுத்தெடுப்பார். ‘ஒண்ணும் இல்லம்மா, கண்ணுக்குத் தெரியுதே’ என்று அலுத்துக்கொள்ளும் வாடிக்கையாளரைக்கூட அவள் விடமாட்டாள். ‘சார், கண்ணால பாக்காதீங்க, விரலால தடவிப் பாருங்க’ என்பாள். ஊருக்கெல்லாம் கேட்ட கேள்வியைத் தம்பி வீடு என்றதும் கேட்காமல் விட்டிருந்தாள்.

கைப்பையிலிருந்து தன் ஆபீஸ் ஹெட்போனை எடுத்து ஓட்டையில் சொருகினாள். பாதிதான் போனது. அழுத்தினாள். ஏதோ ஒன்றில் போய் இடித்து நின்றது. போன் வெளிச்சத்தை ஓட்டைக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ஆழத்தில் பித்தளை நிறத்தில் ஒரு பொட்டு மினுங்கியது.

“உள்ள முனை உடைஞ்சு மாட்டியிருக்கு,” என்றாள் மெதுவாக. “ஹெட்போன் இன்னும் சொருகியே இருக்குன்னு இது நினைச்சுக்கிட்டிருக்கு. அதான் ஸ்பீக்கருக்கு சத்தத்தை விடலை.” பிறகு திரும்பினாள். “இவளே, உன் ஹெட்போன் எங்க?”

டைப்பிஸ்ட் கண்ணைத் தூக்கி பீரோவின் உச்சியைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை ஹெல்ப்லைனுக்குப் புரிந்தது. ஏனென்றால் பீரோவின் உச்சி என்பது அவர்கள் குடும்ப ரகசியம். சின்ன வயதில் தம்பி எதை உடைத்தாலும் அங்கேதான் வீசுவான். அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸ், அப்பாவின் மூக்குக் கண்ணாடி, பக்கத்து வீட்டிலிருந்து கழுத்தைத் திருகிக் கொண்டுவந்த கிளி. நாற்றம் வந்த பிறகுதான் கிளி கிடைத்தது. ‘நான் தொடவே இல்லக்கா’ என்று அன்றைக்கும் இதே வழவழப்பில்தான் சொன்னான். அன்றைக்கும் அவள் நம்பினாள். பூனை கொண்டுவந்து போட்டிருக்கும் என்று பக்கத்து வீட்டாரோடு மல்லுக்கு நின்றவள் அவள்தான்.

ஸ்டூலை இழுத்தாள்.

“அக்கா, அங்க ஒரே தூசி. இறங்கு.”

“தும்மிக்கிறேன்.”

மேலே கை விட்டுத் துழாவினாள். ஒயர் தட்டுப்பட்டது. இழுத்தாள். ஹெட்போன்தான். காது வைக்கிற வட்டம் ஒன்று பிளந்திருந்தது. ஒயரின் மேல்தோல் ஓரிடத்தில் உரிந்து, உள்ளே செம்புக் கம்பி இழுபட்டு நீண்டிருந்தது. சும்மா இழுத்தால் அப்படி நீளாது, இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு இழுக்க வேண்டும். நுனியில் சொருகும் முனை பாதியோடு முறிந்திருந்தது. நடுவில், ஒயரோடு ஒயராகச் சிக்கி, வேரோடு பிடுங்கின நீள முடி ஒரு கொத்து.

ஸ்டூல் மேல் நின்றபடியே கீழே பார்த்தாள். உட்கார்ந்திருந்தவளின் தொண்டைக் குழிக்கு மேலே அந்தக் கோடு. ஒயரின் கனம்தான் இருந்தது, ஒரு நூல் கூடவோ குறையவோ இல்லை. பின்னாலிருந்து போட்டு இழுத்தால் முன்பக்கம் மட்டும்தான் விழும். பாசிமணி அலர்ஜி என்று தான் சொல்லிவிட்டு வந்த கதவுகளெல்லாம் ஒவ்வொன்றாக அவள் ஞாபகத்துக்கு வந்தன.

லோடுமேன் படித்தவனில்லை, ஆனால் குருடனுமில்லை. ஒயரைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான். தொண்டையிலிருந்து ஒரு உறுமல் கிளம்பியது.

“நில்லு,” என்றாள் ஹெல்ப்லைன். “நீ தொடாதே. கதவை மட்டும் மறிச்சுக்க.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, மாடு மாதிரி ஆள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டான்.

“அக்கா, சொல்றதைக் கேளு,” தம்பி கிட்டே வந்து குசுகுசுத்தான். “சிக்கிக்கிச்சுக்கா. நான் கழட்டத்தான் இழுத்தேன். கூப்பிட்டா காதுல விழலை இவளுக்கு. எத்தனை வாட்டி கூப்பிடறது? அந்த எழவைக் காதுல மாட்டிக்கிட்டு, மனுஷன் ஒருத்தன் நிக்கிறான்னுகூடப் பாக்காம… கோவம் வராதா? முனை தேஞ்சு உடைஞ்சுதுன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவான்.”

அவள் ஸ்டூலை விட்டு இறங்கினாள்.

“நீ யார் பக்கம்க்கா?”

ஹெல்ப்லைன் அவனைப் பார்த்தாள். பிறகு தேனாகச் சொட்டும் அந்த ஆபீஸ் குரலில் சொன்னாள்: “சார், கொஞ்சம் லைன்ல இருங்க.”

பழைய பேனா ஒன்றைப் பிரித்து ரீஃபில் குழாயை உருவினாள். நுனியை நறுக்கி, விளிம்பில் மட்டும் பசைக் குப்பியிலிருந்து ஒரு துளி தொட்டாள். மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டு குழாயை ஓட்டைக்குள் விட்டு, உடைந்த முனையில் முட்டவைத்துப் பிடித்தாள். பசை காய்கிறவரை மனசுக்குள் எண்ணினாள். பிறகு சுழற்றாமல் நேராக, பல் பிடுங்குகிற மாதிரி இழுத்தாள்.

வந்தது. கறுப்பு வளையம் போட்ட அரை விரற்கடைப் பித்தளை.

ஏற்கெனவே எல்லாவற்றையும் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தாளே! பதிவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆளைத் தூக்கிப் போடும் சத்தத்தில் லேப்டாப் வாய் திறந்தது: “…தண்ணீர் மீட்டர் பொருத்துவதை ஏழாவது உறுப்பினர் வன்மையாக எதிர்க்கிறார்! மோட்டார் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தலைவர் கேட்கிறார்!”

தரைத்தளம்வரை கேட்டது. ஏதோ பெரிய மனிதர் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார் என்று நினைத்து டைலர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

தம்பி பாய்ந்தான். லேப்டாப்பின் மூடியைப் பிடித்து இழுத்தான், தரையில் அறைய. ஹெல்ப்லைன் மறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் கால் அவள் முழங்காலில் விழுந்தது. முட்டிபோட்டாள், பிடியை விடவில்லை. அவள் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து முகத்தை மேஜை விளிம்பில் மோதினான். ஒரு தடவை மோதியதில் மூக்கு உடைந்தது. மறு தடவைக்கு இழுத்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது, இவன் கைக்கு இது பழகின வேலை என்று. முடியை எந்த இடத்தில் பிடித்தால் தலை திரும்ப முடியாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வேறொரு தலையில் கற்றுக்கொண்டிருக்கிறான்.

“வளர்த்த கையையே கடிக்கிறியாடி!” என்று கத்தினான். வளர்த்தது யார், வளர்ந்தது யார் என்பதெல்லாம் அந்த அவசரத்தில் அவனுக்குக் குழம்பிவிட்டது.

லோடுமேன் கதவை விட்டு நகரப் போனான்.

“நில்லுன்னேன்ல!” என்று ரத்தம் வழிகிற வாயால் கத்தினாள் ஹெல்ப்லைன். “வாக்குக் குடுத்தது நான்.”

மேஜையில் அவள் கை எதையோ தேடியது. மேல் அடுக்கு டைல் அகப்பட்டது. தம்பியின் வலது கை லேப்டாப்பின் விளிம்பைப் பற்றி மேஜை மேல் விரிந்திருந்தது. அந்த விரல்கள் மேல் டைலின் கனத்த ஓரத்தை இறக்கினாள். ஒரு தரம். அவன் அலறி முடிப்பதற்குள் இன்னொரு தரம். விறகு முறிகிற சத்தம் கேட்டது.

டைலில் ஒரு கீறல் இல்லை. பேரன் கல்யாணம்வரை அப்படியே இருக்கும் என்று அவன் சொன்னதில் பொய்யில்லை.

அவன் கையை வயிற்றில் புதைத்துக்கொண்டு கண்ணாடித் தூளில் சுருண்டான். அப்போதும் அடங்கவில்லை. காலால் உதைத்தான், வாயில் வந்ததையெல்லாம் அக்காவைச் சொன்னான். அவள் டைலை மூன்றாவது முறை தூக்கினாள். இம்முறை அவன் தலைக்கு நேராக.

“அண்ணி.”

டைப்பிஸ்ட். எப்போது எழுந்து வந்தாளென்று தெரியவில்லை. மேஜையிலிருந்து லேப்டாப்பை எடுத்து இடுப்பில் இடுக்கியிருந்தாள். ஏழாவது உறுப்பினர் இன்னமும் கத்திக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் சத்தம் போடாம அடிங்க,” என்றாள். “எனக்கு இன்னும் கால்வாசி இருக்கு.”

சொல்லிவிட்டுப் புருஷனைத் தாண்டி, உடைந்த கண்ணாடியில் கால் படாமல் பார்த்து அடியெடுத்து, உள் அறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். மறு நிமிஷம் உள்ளேயிருந்து டைப் அடிக்கும் சத்தம், சீராக, அடைமழை மாதிரி.

ஹெல்ப்லைன் டைலைக் கீழே வைத்தாள். மேஜைக் காலில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டாள். லோடுமேன் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினான். அவள் வாங்கிப் பாதியை மூக்கில் வைத்துக்கொண்டு மீதியை அவன் கடிவாயைக் காட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

“ஊசி போட்டுக்க,” என்றாள். “நாய்க்கடி.”

மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். ஒருவன் முனகிக்கொண்டு, ஒருவன் கதவைக் காத்துக்கொண்டு, ஒருத்தி ரத்தத்தை விழுங்கிக்கொண்டு. தண்ணீர் மீட்டர் தீர்மானம் ஒருவழியாக நிறைவேறியது. மோட்டார் அறைச் சாவி செயலாளர் வீட்டில் கிடைத்தது. தலைவர் நன்றி சொன்னார். டைப் சத்தம் நின்றது. கதவு திறந்தது.

“அனுப்பிட்டேன்,” என்றாள் டைப்பிஸ்ட். அப்போது ஆறு அடிக்கக் கொஞ்சம் பாக்கி. பிறகுதான் அவள் கை தொண்டைக்குப் போனது. பிறகுதான் அழுதாள்.

அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனார்கள். முன்னால் டைப்பிஸ்ட், பின்னால் வீங்கின மூக்கோடு ஹெல்ப்லைன். பித்தளை முனையையும் ஒயரையும் ஒரு கவரில் போட்டு மேஜை மேல் வைத்து, “ரெண்டையும் பொருத்திப் பாருங்க சார், சேரும்,” என்றாளாம். நீங்கள் யார் என்று கேட்டதற்கு, “அடிச்சவனுக்கு அக்கா” என்றாளாம். சாட்சிக்கு யாராவது உண்டா என்று கட்டிடத்தில் விசாரித்தபோது முதலில் ஒருவர் காதிலும் எதுவும் விழுந்ததில்லை. அன்றைக்கு எல்லார் வீட்டிலும் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் டைலர் மட்டும், தனக்கு அவ்வப்போது நூல் அறுந்த நாட்களைச் சரியாகச் சொன்னார்.

டைப்பிஸ்ட்டுக்கு அந்த வேலை கிடைத்தது. சாமானையெல்லாம் அண்ணனே தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினான். கிழட்டு லேப்டாப்பை மட்டும் அவள் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள். விவாகரத்து ஆயிற்று, மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. லோடுமேன் அந்த வருஷக் கடைசியில் டைலரின் மகளைக் கட்டிக்கொண்டான். அவள் எப்போது, எந்தப் படியில் நின்று அவனைப் பார்த்தாள் என்பது டைலருக்கே தெரியாது. ஊர் சண்டையெல்லாம் கேட்கிற காதுக்குச் சொந்த வீட்டு விஷயம் விழவில்லை பாருங்கள்!

தம்பி கேஸ் முடிந்து, ஊர் மாறிப் போய், அங்கேயும் டைல்ஸ் கடையிலேயே சேர்ந்தான். வலது கையில் இரண்டு விரல் கோணலாகவே நின்றுவிட்டது. டைல் விழுந்தது என்று சொல்கிறான். அதிலும் பொய்யில்லை. சில வருஷத்தில் அந்த ஊரிலேயே பெண் பார்த்துவிட்டார்கள். சேதி கேட்டு ஹெல்ப்லைன் கல்யாணத்துக்கு முன்பே அந்த வீட்டைத் தேடிப் போனாள். எல்லாவற்றையும் விடாமல் சொன்னாள். பெண்ணின் அப்பா உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆம்பளைன்னா கொஞ்சம் கோவம் இருக்கத்தாம்மா செய்யும். கூடப் பிறந்தவங்களே இப்படி வந்து கலைக்கலாமா?” என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

கல்யாணத்துக்கு அவளை அழைக்கவில்லை. அழைக்காமலேயே போனாள். வரிசையில் நின்று மேடை ஏறி, தம்பியைத் தாண்டி, பெண்ணின் கையில் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே ஹெட்போன் ஒன்று, ஒயரே இல்லாத ரகம். அடியில் ஒரு துண்டுச் சீட்டில் தன் போன் நம்பர்.

“எந்நேரமும் கூப்பிடலாம்மா,” என்றாள். “நான் லைன்லதான் இருப்பேன்.”

அடுத்த மாதமே அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடியைக் காலி செய்துவிட்டாள். தம்பி வீட்டுக்குப் பின் தெருவில், சுவரோடு சுவர் ஒட்டின மாதிரி ஒரு ரூம் பிடித்திருக்கிறாளாம். ஏன் இந்த வயதில் ஊர் மாறுகிறாய் என்று கேட்டவர்களுக்கு, அந்த ஊர்த் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.